டெல்லி ரயில் அருங்காட்சியகமா, ரேவாரி ஷெட்டா?

கேள்வி: பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவையும் எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் டெல்லி செல்கிறோம். நிலக்கரி எஞ்சின்களைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம், நீராவி எஞ்சின்களைப் பராமரிக்கும் ரேவாரி ஷெட் இரண்டில் எங்கே போகலாம்? ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எஞ்சின்கள் ஓடுவதைப் பார்க்க முடியுமா?

பதில்: உங்கள் சூழ்நிலைக்குச் சாணக்யபுரியையே தேர்ந்தெடுங்கள். ரேவாரி டெல்லியிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், ஹரியானாவில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் மூடுபனியால் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம் என்பதால், முதியவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ‘ஃபேரி குயின்’ எஞ்சின் சாணக்யபுரியில் இருப்பதாகப் பழைய பயண நூல்களில் படித்துவிட்டுப் பலர் அங்கே தேடி ஏமாறுகிறார்கள். பல ஆண்டுகள் அங்கே நின்ற அந்த எஞ்சின் இப்போது ரேவாரியில் இருக்கிறது. 1893இல் மீட்டர் பாதை (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலம்) எஞ்சின்களுக்காகக் கட்டப்பட்ட ரேவாரி ஷெட்டில்தான் ‘அக்பர்’ முதலிய டபிள்யூ.பி. வகை (அகலப் பாதைப் பயணிகள் ரயில்) எஞ்சின்களையும் இயங்கும் நிலையில் பராமரிக்கிறார்கள். ஆனால் ஷெட்டில் இருக்கும் எஞ்சின் எப்போதும் புகை கக்கிக்கொண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆறிக் கிடக்கும் பெரிய கொதிகலனை அவசரப்பட்டுச் சூடாக்கினால் தகடுகளும் குழாய்களும் சமமாக விரிவடையாமல் இணைப்புகள் கசியும். அதனால் பல மணி நேரம் சிறுகச் சிறுகத் தீமூட்டியே அழுத்தத்தை ஏற்ற வேண்டும். பார்வையாளர்களுக்காக அன்றாடம் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்ட சாணக்யபுரி அருங்காட்சியகத்தில் எஞ்சின்கள் பெரும்பாலும் திறந்தவெளியில் நிற்கின்றன. அனைத்தையும் பார்த்துவிட முயன்றால் இரண்டு மணி நேரத்தில் எல்லாமே கறுப்பு இரும்பாகத் தோன்றத் தொடங்கிவிடும். நான்கைந்து எஞ்சின்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் சக்கரங்களைப் பாருங்கள். நீராவி எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை முன்னும் பின்னும் போய்வந்தால் இயக்குசக்கரம் ஒருமுறை சுற்றும். இடையில் கியர் ஏதும் கிடையாது. எனவே சக்கரம் பெரிதாக இருந்தால் அது வேகத்துக்கான எஞ்சின். சிறிய சக்கரங்கள் பல சேர்ந்து இணைக்கப்பட்டிருந்தால் அது பாரம் இழுப்பதற்கானது. இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் உங்கள் மகன் பலகையைப் படிக்காமலே எஞ்சினின் வேலையை ஊகித்துவிடுவான்.

அதைச் சோதித்துப் பார்க்க அங்கே மிகச் சிறந்த உதாரணம், வங்காள நாக்பூர் ரயில்வேக்காக பேயர் பீகாக் நிறுவனம் செய்த 815ஆம் எண் கேரட் எஞ்சின். நடுவில் ஒரே கொதிகலன். முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் எட்டு இயக்குசக்கரங்கள். 230 டன்னுக்கு மேற்பட்ட எடையைப் பன்னிரண்டு அச்சுகளில் பரப்பியிருக்கிறார்கள் என்பதையும், தொகுதிகள் தனித்தனியே திரும்புவதால் அத்தனை நீளமும் வளைவுகளில் போக முடிந்தது என்பதையும் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

அடுத்து எஃப்-734. 1895இல் அஜ்மீர் பணிமனையில் உருவான இந்த மீட்டர் பாதை எஞ்சின், இந்தியாவிலேயே முழுமையாகச் செய்யப்பட்ட முதல் எஞ்சினாகக் கருதப்படுகிறது. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருப்பதால் கூட்டம் இதைக் கடந்து போய்விடும். பணிமனைக்காரரான உங்கள் அப்பா நின்று பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

என்னைக் கேட்டால், அருங்காட்சியகத்தின் உண்மையான பொக்கிஷம் பாட்டியாலா மோனோரயில். 1907இல் அந்தச் சமஸ்தானத்தில் தொடங்கப்பட்ட இந்தப் பாதையில், சாலையோரத்தில் ஒற்றைத் தண்டவாளம் பதித்து, எடையில் பெரும்பகுதியை அதன்மேல் ஏற்றி, வண்டி சாய்ந்துவிடாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரத்தைச் சாலையில் உருளவிட்டார்கள். முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன. பின்னர் பெர்லினின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனத்திடம் நான்கு எஞ்சின்கள் வாங்கப்பட்டன. குனிந்து பார்த்தால், எஞ்சினுக்கு அடியில் மூன்று சக்கரங்கள் ஒரே வரிசையில், இருபுறமும் விளிம்பு வைத்துத் தண்டவாளத்தைக் கவ்வியிருப்பது தெரியும். மோட்டார் வண்டிகளின் போட்டியால் 1927இல் பாதை மூடப்பட்டது. சமஸ்தானப் பொதுப்பணித்துறைக் கொட்டகையில் கிடந்த மிச்சங்களை 1962இல் மைக்கேல் சேட்டோ என்ற ரயில் ஆர்வலர் கண்டெடுத்தார். அமிர்தசரஸ் பணிமனை ஓர் எஞ்சினை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது. இதையும் தினந்தோறும் இயக்குவதில்லை. தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

நீராவியில் ஓடும் எஞ்சினைப் பார்ப்பதே முதன்மை நோக்கம் என்றால், அதற்கு டெல்லி வரை போக வேண்டியதே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீலகிரி மலை ரயிலை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. கல்லாறுக்கு மேலே எஞ்சினின் பல்சக்கரம், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைக் கவ்வும் இடத்தில் ஓசை மாறுவதைப் பெட்டியிலிருந்தே கேட்கலாம். அண்மைக் காலத்தில் அதற்கான புதிய எக்ஸ் வகை எஞ்சின்களைக் கட்டியதும் பொன்மலைதான். முன்பதிவு விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் விடுமுறைக் காலத்துக்கு முன்பே இடம்பிடிக்க வேண்டும்.

சாணக்யபுரி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பனி விலகிய பிறகு, பதினொரு மணியளவில் உள்ளே போனால் போதும். குழந்தைகளுக்கான சிறு ரயிலுக்குச் சீட்டு வாங்குவதை முதலில் முடித்துவிடுங்கள். இரும்புப் படிகள் பனியில் வழுக்கும். ஏற அனுமதிக்கும் எஞ்சின்களிலும் அப்பாவைக் கைப்பிடி பற்றியே ஏறச் சொல்லுங்கள்.