நுவரெலியாவுக்குப் போகும் ஒன்பது போர்வைகள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஒரு பள்ளியில் கைவேலை ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேர் சேர்ந்து, இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயன்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கும் சிறு பிள்ளைகளுக்கு, துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைத்து அனுப்ப ஆசைப்படுகிறார்கள். அங்குள்ள ஒரு தொண்டு அமைப்பு வாங்கிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறது. வீட்டிலிருந்து பழைய புடவைகளைக் கொண்டுவரச் சொல்லலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: துணியிலிருந்து தொடங்காதீர்கள் டீச்சர். அந்தப் பிள்ளை தூங்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் அங்கே வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். மழையும் பனிமூட்டமும் அதிகம் என்பதால் துவைத்த துணி லேசில் காயாது. ஆகவே உங்கள் போர்வை சூடு தர வேண்டும், சீக்கிரம் காய வேண்டும், அடிக்கடி துவைத்தாலும் நிற்க வேண்டும். மீதி எல்லா முடிவும் இந்த மூன்றிலிருந்துதான் வரும்.

உள்ளே வைக்க இலவம்பஞ்சு வேண்டாம். நான் முதன்முதலில் தைத்துக் கொடுத்த போர்வைகளில் அதைத்தான் வைத்தேன். நாலைந்து துவையலுக்குள் பஞ்சு மூலையில் கட்டியாகச் சேர்ந்து, நடுப்பகுதி வெறும் துணியாகிவிட்டது. வாங்கியவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள பாலியஸ்டர் பஞ்சு ஷீட் கேட்டு வாங்குங்கள். தண்ணீரைப் பிடித்து வைக்காது, இடம் நகராது.

பழைய புடவை விஷயம். உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாபுரா பக்கத்து சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் பழைய புடவைகளிலேயே ‘கவந்தி’ என்ற அருமையான போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கையாலேயே தைத்துக்கொண்டு போவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் ‘பூலா’ என்று ஒரு பூ வைக்காவிட்டால் அவர்களுக்குப் போர்வை முடிந்ததாகாது. பிள்ளைகளுக்கு அதன் படத்தைக் கட்டாயம் காட்டுங்கள், அந்த மூலைப் பூவையும் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் நாடு தாண்டி அனுப்புகிறீர்கள். பயன்படுத்திய துணி என்றால் பல நாடுகளின் சுங்கத்தில் சிக்கல் வரும். பிலிப்பைன்ஸில் பழைய துணியின் வணிக இறக்குமதிக்கு 1966 முதலே தடைச் சட்டம் இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு: நைந்த இழை ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. ‘இல்லாத பிள்ளைக்குத்தானே’ என்ற எண்ணம் தையலில் எங்கேயும் நுழையக் கூடாது. சிக்பேட்டையில் புதிய காட்டன் கட்பீஸ் கிடைக்கும். பனியன் துணியை மட்டும் கலக்காதீர்கள். அது இழுபடும், பக்கத்துத் துண்டையும் கோணலாக்கிவிடும்.

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

அளவு 42க்கு 60 அங்குலம் போதும். தைத்தபின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்கள், அகலத்தில் 7, நீளத்தில் 10, ஆக 70. ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் ஒரு போர்வையின் மேல்பக்கத்துக்கு இரண்டேகால் மீட்டர் ஆகும். பின்பக்கத்துக்கு 58 அங்குல அகலத்தில் ஒன்றே முக்கால் மீட்டர். நான்கு பேருக்கு ஒரு போர்வை என்று பிரித்தால் ஒன்பது போர்வை வரும், தலைக்குப் பதினேழு பதினெட்டுச் சதுரம்.

இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன. தையலுக்கு விடும் கால் அங்குலம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. ஒரு பிள்ளை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால் ஒரு இணைப்பில் இரண்டு மில்லிமீட்டர் குறையும். பத்துச் சதுர வரிசையில் ஒன்பது இணைப்பு, ஆக 18 மில்லிமீட்டர் போய்விடும். பிறகு வரிசையோடு வரிசை சேராது, பிள்ளை அழும். மெஷினில் ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி ஒரு டேப் ஒட்டுங்கள், துணியின் ஓரம் அதை ஒட்டியே ஓடட்டும். வெட்டுவதற்கு எல்லாக் குழுவுக்கும் ஒரே கெட்டி அட்டை அச்சு கொடுங்கள்.

மேல்துணி, பஞ்சு, பின்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்க்க மெஷின் வேண்டாம், நூலை மூன்றிலும் குத்தி எடுத்துக் கட்டும் முடிச்சே போதும். அமெரிக்காவின் லூதரன் உலக நிவாரண அமைப்புக்காகத் தேவாலயக் குழுக்கள் தைக்கும் 60க்கு 80 அங்குலப் போர்வைகளிலும் முடிச்சு முறை உண்டு. உங்கள் அளவில் உட்புற மூலைகள் 54, சதுர நடுக்கள் 70, ஆக 124 முடிச்சு. இடைவெளி நாலேகால் அங்குலம்தான் வரும், பஞ்சு அசையாது. கெட்டியான காட்டன் நூலில், முதல் முடிச்சை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் போட்டால் அவிழாது. பின்துணியையே முன்பக்கம் மடித்து ஓரம் தைத்துவிடலாம்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பொம்மனஹள்ளியில் ஏற்றுமதி கார்மென்ட்ஸில் தரப் பரிசோதகராகப் பல வருடம் இருந்தேன். அங்கே ஓர் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மெஷின் ஓடாது. துண்டுகளைப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். காலையில் எத்தனை கொடுத்தீர்களோ, மாலையில் அத்தனை திரும்ப வேண்டும். குண்டூசி வேண்டவே வேண்டாம், எண்ணிக் கொடுத்த ஊக்கு போதும். முடிந்த போர்வையின் மேல் காந்தத்தை இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். பொத்தான், மணி, ஜிகினா எதுவும் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. ஆகவே இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாக, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அந்த அமைப்பிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒரு போர்வை சுமார் 800 கிராம் வரும். இரண்டிரண்டாகப் பிரித்து அனுப்பலாம். ஒன்பதையும் ஒரே பார்சலாகவும் அனுப்பலாம். ராஜ்பவன் சாலைப் பொது அஞ்சலகத்தில் இரண்டுக்கும் கட்டணம் கேளுங்கள். சுங்கப் படிவத்தில் ‘புதிய காட்டன் ஒட்டுப்போர்வை, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, பள்ளிப் பிள்ளைகள் தைத்தது, அன்பளிப்பு’ என்று எழுதி உண்மையான மதிப்பைப் போடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பெறுபவர் வரி கட்ட நேருமா என்று அந்த அமைப்பு முன்கூட்டியே அங்கே விசாரிக்கட்டும். பணம் பள்ளி அறக்கட்டளைக் கணக்கிலிருந்து போவதானால் உங்கள் ஆடிட்டரிடம் பேசுங்கள். அறக்கட்டளைக்கான வருமான வரிச் சலுகை பொதுவாக இந்தியாவுக்குள் செய்யும் செலவுக்குத்தான்.

கூடவே ஒரு கடிதம் வைக்கச் சொல்லுங்கள், தமிழில். உங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான் எழுதுவார்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. ‘ஏழைக் குழந்தைக்கு’ என்று மட்டும் தொடங்க வேண்டாம், ‘அன்புள்ள தங்கைக்கு’, ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று எழுதட்டும். போர்வையோடு அந்தப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பும்படி யாரிடமும் கேட்காதீர்கள்.

ஒன்பதுக்கும் சேர்த்து இப்போதே துணி வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒன்று தைத்து ஐந்து முறை துவைத்துக் காயப் போடுங்கள். எந்த முடிச்சு அவிழ்ந்தது, எந்த ஓரம் பிரிந்தது என்று பிள்ளைகளே பார்த்து எழுதட்டும். அந்தத் தாளோடு சிக்பேட்டைக்குப் போங்கள்.