சும்மாதானே செய்கிறேன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவில் வேலை செய்கிறேன். நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும், தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கும் ஒரு திறமூல மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதன் தமிழாக்கம் பாதியில் நிற்பதைப் பார்த்து, மூன்று இரவுகள் கண்விழித்து 412 வரிகளை மொழிபெயர்த்து ஒரே தொகுப்பாக அனுப்பினேன். பதினோரு நாள் கழித்து ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பதில் வந்தது: ‘கலைச்சொல் பட்டியலைப் பாருங்கள். இருபது இருபது வரியாகப் பிரித்து அனுப்புங்கள். வேற்றுமை உருபுகளைக் கவனியுங்கள்.’ நன்றி என்று ஒரு சொல்கூட இல்லை. கோபத்தில், ‘நான் சும்மாதானே செய்கிறேன், வேண்டாமென்றால் விடுங்கள். உங்களைப் போன்றவர்களால்தான் தமிழ் வளராமல் கிடக்கிறது’ என்று பொதுவில் எழுதிவிட்டேன். நடத்தை விதிகளை மீறியதாக இப்போது எச்சரிக்கை வந்திருக்கிறது.

சம்பளம் இல்லாத வேலைக்கு நடத்தை விதி எதற்கு ஐயா? பேசாமல் பிரிந்துபோய் நானே தனியாக நடத்தலாமா? இப்படிப் பங்களித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? என் மொழிபெயர்ப்பின் திரைப்பிடிப்பை இணைத்திருக்கிறேன். பெயரைப் போட வேண்டாம்.

– பினாங்கு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. தைப்பூசத்துக்கு நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலை இத்தனை வருடமாக முன்னின்று நடத்திய நண்பர், ‘இனிமேல் என்னால் முடியாது, யாராவது பார்த்துக்குங்க’ என்று போன வாரம் விலகிவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவுதான் காரணம். ஓர் இரவு மட்டும் வந்து மோர் ஊற்றிய இளைஞன் அனுப்பியது. அது தொடங்குவதே ‘நாங்கல்லாம் சும்மாதானே வந்து செய்றோம்’ என்றுதான். அதே வாக்கியம் உங்கள் கடிதத்திலும் இருந்தது. இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை கிடைக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்காகத்தான் செய்கிறீர்கள் என்றால் வேறு வழி பாருங்கள். பிரிந்துபோக உங்களுக்குத் தாராளமாக உரிமை உண்டு. நிரலை யாரும் எடுத்துத் தனியாக வளர்க்கலாம் என்று திறமூல உரிமமே சொல்கிறது. 2010-ல் ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்ததுதான் லிப்ரே ஆபிஸ். அங்கே பல வருடம் அந்த வேலையைத் தோளில் சுமந்தவர்கள் கூட்டாக வெளியேறினார்கள். மூன்று இரவு வேலை பார்த்தவர் அதை ஒப்பிட்டுக்கொள்ளக் கூடாது.

இப்போது உங்கள் 412 வரிகளுக்கு வருகிறேன். திரைப்பிடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கோப்பை நீக்கும்போது மென்பொருள் கேட்கும் கேள்வி அது. கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குறியீடு இருக்கும், நிஜப் பெயரை மென்பொருள் அங்கே கொண்டுவந்து வைக்கும். நீங்கள் அந்தக் குறியீட்டை ஒட்டி ‘ஐ’ போட்டு ‘நீக்கவா?’ என்று முடித்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் பெயர் எங்கே வந்தாலும் மாறாமல் நிற்கும். நம் மொழியில் உருபு ஏறினால் சொல்லே உருமாறும். ‘படம்’ என்பது ‘படத்தை’ ஆகும், ‘வீடு’ என்பது ‘வீட்டை’ ஆகும். அது மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் உங்கள் திரையில் ‘படம்ஐ நீக்கவா?’ என்று நிற்கிறது. அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் வாக்கியத்தையே திருப்பிப் போடுவார்கள்: ‘நீக்க வேண்டிய கோப்பு: படம்’. உருபு தேவைப்படாது, எந்தப் பெயர் வந்தாலும் சரியாக நிற்கும். ‘வேற்றுமை உருபுகளைக் கவனியுங்கள்’ என்று அவர் எழுதிய மூன்று சொல்லில் இவ்வளவும் இருந்தது. நீங்கள் அதில் நன்றி இருக்கிறதா என்று மட்டும் தேடியிருக்கிறீர்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒரு வரியை மூலத்தோடு வைத்து, பட்டியலோடு ஒப்பிட்டு, சரி என்று சொல்ல ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 412 வரிக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவரும் எங்கோ வேலைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்காருகிறவராகத்தான் இருப்பார். நீங்கள் கொடுத்தது மூன்று இரவு. அவரிடம் கேட்காமலே அவருடைய ஒரு வாரத்து இரவுகளை எடுத்துக்கொண்டீர்கள். இருபது இருபதாக அனுப்புங்கள் என்றது அதனால்தான்.

அவர் மேலும் தவறு உண்டு. பதினோரு நாள் ஆகிவிட்டது, ஒரு நன்றி போட்டிருக்கலாம். புதிதாக வருகிறவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலைப் படித்த இரவு நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள். நடத்தை விதிகள் அவரையும் கட்டுப்படுத்தும், அம்மா. புதியவர்களை அடக்குவதற்கு எழுதி வைத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். இன்று பல திட்டங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற விதித்தொகுப்பு 2014-ல் வந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு அதை ஒட்டிய விதிகள் வந்தது 2018 செப்டம்பரில். அதே சமயத்தில்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிய கடுமையான மின்னஞ்சல்களுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் வேலையிலிருந்து ஒதுங்கி இருந்தார். 1991-லிருந்து அதை வளர்த்தவருக்கே அந்த நிலைமை. ஆகவே உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம், ‘உங்கள் பதில் என்னைக் காயப்படுத்தியது’ என்று எழுத உங்களுக்கு முழு உரிமை இருந்தது. நீங்கள் அதை எழுதவில்லை. தமிழ் வளராததற்கே அவர்தான் காரணம் என்று பத்துப் பேர் பார்க்க எழுதினீர்கள். அது அநியாயம்.

எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் செய்தேன்.

1982. எனக்குப் பத்தொன்பது வயது. பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருந்தேன். தைப்பூசப் பந்தலுக்கு என் பங்கு என்று குளிர்பானப் போத்தல் இரண்டு பெட்டி வாங்கினேன், மரப்பெட்டி, ஒன்றுக்கு இருபத்துநான்கு. பினாங்குப் பாலம் 1985-ல்தான் வந்தது, அப்போது ஃபெரிதான். நண்பனும் நானும் பெட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டி, ஃபெரியில் ஏற்றி, கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு பந்தலுக்கு வந்து சேர்ந்தோம். பந்தலை நடத்தியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“கண்ணாடி வேணாம் தம்பி. பந்தலுக்குப் பின்னால வச்சிடு.”

அவ்வளவுதான் சொன்னார். நன்றி இல்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. “என் காசுல வாங்கினது. சும்மாதானே கொடுக்கிறேன், வேணாம்னா சொல்லுங்க, எடுத்துட்டுப் போறேன்” என்று சத்தம் போட்டேன். மோர் வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் தோளைப் பிடித்துச் சாலைப் பக்கம் திருப்பினார். ஒரு காவடி வந்துகொண்டிருந்தது. தார் கொதிக்காமல் இருக்க முன்னால் ஒருவர் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். மஞ்சளும் சாம்பலும் படிந்த பாதங்கள், குதிகால் வெடித்திருந்தது. முருகன் கோவில் இருக்கும் தண்ணீர் மலைக்கு இன்னும் தூரம் இருந்தது.

“கொடுக்கிற நீ செருப்புப் போட்டிருக்க. வாங்கிக்கிற அவன் வெறுங்கால்ல வர்றான்” என்றார்.

பிறகு ஒரு வேலை கொடுத்தார். பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு போத்தலாகத் திறந்து, ஐஸ் போட்ட தொட்டியில் ஊற்ற வேண்டும். “நாற்பத்தெட்டுப் போத்தல், நாற்பத்தெட்டு மூடி. எண்ணிக் கொடுத்துட்டுப் போ.” இரவு எண்ணினேன். போத்தல் சரியாக இருந்தது. மூடி நாற்பத்தேழு. அந்தத் தகர மூடியின் ஓரம் எப்படி இருக்கும் என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியுமோ என்னவோ, சுற்றிலும் பல் பல்லாக இருக்கும். புல்லில் தேடினேன், தேங்காய்ச் சிரட்டைக் குவியலில் தேடினேன். நண்பன் ஃபெரிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச் விளக்கோடு வந்து என் பக்கத்தில் குனிந்து தேட ஆரம்பித்தார். விடியற்காலையில் கால்வாய் ஓரத்தில் கிடைத்தது. எடுத்துத் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு எத்தனையோ வருடம் அந்தப் பந்தலில் நின்றிருக்கிறேன். எல்லாரும் போன பிறகு இரண்டு நாள் இருந்து, தெருவைக் கூட்டி, வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பிக் கொடுக்கிறவர் எப்போதும் ஒரே ஒருவராகத்தான் இருப்பார். வேண்டாம் என்று சொல்லவேண்டிய பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். திட்டும் அவருக்குத்தான்.

உங்கள் துறையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருள், லினக்ஸ் ஓடும் எண்ணற்ற கணினிகளில் இருக்கிறது. அதைப் பல வருடம் பின்லாந்துக்காரர் ஒருவர் ஏறக்குறையத் தனியாகவே பார்த்துக்கொண்டார், சம்பளமில்லாமல். 2022-ல் அவருக்கு முன்பின் தெரியாத சிலரிடமிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. ஏன் இவ்வளவு தாமதம், புதிய பொறுப்பாளர் வராமல் இது நகராது என்று. நீண்ட நாளாக மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று அவர் பதில் எழுதினார். அதற்குப் பிறகும் நெருக்கினார்கள். அந்த நேரத்தில் பணிவாக, பொறுமையாக, உதவி செய்துகொண்டே இருந்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர். சோர்ந்துபோன மனிதர் அவரிடம் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில், உலகத்துச் சேவையகங்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழிசெய்யும் நிரல் ஒளிந்திருந்தது.

நெருக்கி எழுதிய அந்தப் பெயர்களில் நிஜ ஆட்களே இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மின்னஞ்சல்களும் சதியின் ஒரு பகுதிதான் என்று பலரும் கருதுகிறார்கள். நினைத்துப் பாருங்கள். எந்தப் பூட்டையும் உடைக்கத் தேவைப்படவில்லை. ‘ஏன் தாமதம்’, ‘நீ சரியில்லை’ என்று ஒரு மனிதரை ஓயாமல் சொல்லிச் சொல்லியே கதவைத் திறக்கவைத்தார்கள். நீங்கள் எழுதிய வரியில் கெட்ட எண்ணம் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் வாங்குகிற பக்கத்தில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அந்த வார்த்தை அவர் நெஞ்சில் அதே இடத்தில்தான் போய்க் குத்தும். சம்பளம் இருந்தால் மாதக் கடைசியில் அதையாவது நினைத்துப் பொறுத்துக்கொள்வார். சம்பளம் இல்லாத வேலைக்கு எதற்கு விதி என்று கேட்டீர்களே, சம்பளம் இல்லாததால்தான் வேண்டியிருக்கிறது. அங்கே ஒருவரைக் கட்டிவைத்திருப்பது மனம் மட்டும்தான். அது முறிந்தால் பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான், எங்களுக்கு இப்போது ஆகியிருப்பதுபோல.

எக்ஸ்இசட்டில் ஒளிந்திருந்த அந்த நிரலைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைப் பார்த்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டு தேடினார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அந்த அரை விநாடியைப் படித்தபோது எனக்குப் பெரியவரின் டார்ச் விளக்குதான் கண்முன் வந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. இன்றிரவே ஒருங்கிணைப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். திட்டிய அதே இடத்தில், அதே பத்துப் பேர் பார்க்கும்படி. விளக்கம் வேண்டாம், ‘ஆனால்’ என்ற சொல் வேண்டாம். அப்புறம் கலைச்சொல் பட்டியலை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். அதில் உங்களுக்குப் பிடிக்காத சொல் இருக்கும், இருந்தே தீரும். அதை மாற்ற வேண்டுமென்றால் தனியாக எடுத்துப் பேசுங்கள், மொழிபெயர்ப்புக்குள் நைசாக மாற்றிவைக்காதீர்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் ஓட்டி எடுத்த வரிகள் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் தொகுப்பாக இருபது வரி அனுப்புங்கள், அனுப்புமுன் மென்பொருளை ஓட்டி ஒவ்வொன்றையும் திரையில் உங்கள் கண்ணால் பாருங்கள்.

அந்த இருபதில் முதலாவதாக ‘படம்ஐ நீக்கவா?’ இருக்கட்டும். பதில் வர மறுபடியும் பதினோரு நாள் ஆகலாம். காத்திருங்கள். வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அம்மா.