ஆயிரம் கேள்வியும் ஒரு துண்டுச் சீட்டும்

எங்கள் கல்லூரியில் இஸ்லாமியச் சிந்தனை, மரபு, சமூகம் பற்றித் தொடர் சொற்பொழிவு நடக்கப்போகிறது. நான் முஸ்லிம் அல்ல. போனால் எனக்குப் புரியுமா, ஐயா?
– மாணவி, காவேரிப்பட்டணம்

தாராளமாகப் போங்கள், அம்மா. அது பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு அல்ல. பள்ளிவாசல் பயானில் கேட்டுத் தலையாட்டுவோம். இடையில் எழுந்து கேள்வி கேட்க மாட்டோம். இங்கே கேட்காமல் வந்தால்தான் தப்பு.

தமிழில் முழுமையாகக் கிடைக்கும் முதல் இஸ்லாமிய நூலே கேள்வி பதில்தான். வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’, 1572-இல் மதுரையில் அரங்கேறியது. மசலா என்றால் கேள்வி. (என் மனைவி சமையல் புத்தகம் என்று நினைத்துக் கையில் எடுத்தாள்.) யூத அறிஞர் அப்துல்லா இப்னு சலாம் கேட்கக் கேட்க, நபிகள் பதில் சொல்கிறார்கள். இதே கதை மலாய், ஜாவா மொழிகளிலும் உண்டு.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டுப் பேச்சு உருது. நபிகளின் வாழ்க்கையைப் பாடும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நெற்றி நிறைய நாமம் போட்ட தமிழாசிரியர். நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் ஆறு ஓடுகிறது, வயல் விளைகிறது. அத்தாவிடம் சொன்னேன். “மக்காவில் நெல்லா?” என்று சிரித்தார். மறுநாள் ஆசிரியரிடம் அப்படியே கேட்டேன். “காப்பியம் என்று எழுத உட்கார்ந்தால் வயல் வந்தே தீரும். உமறு வாழ்ந்த எட்டயபுரமே கரிசல் காடுதானடா!” என்றார். நாற்பது வருடம் நானும் தமிழ் நடத்தினேன். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு வாய்க்கவில்லை.

இப்படிச் சொற்பொழிவு வைப்பதெல்லாம் இப்போது வந்த பழக்கம்தானே?
– வாசகர், ஓசூர்

நூறு வருடப் பழக்கம். 1925-இல் இஸ்லாமிய அறிஞர் சையத் சுலைமான் நத்வி சென்னையில் நபிகளின் வாழ்க்கை பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1927-இல் ஆங்கிலேய எழுத்தாளர் பிக்தால் வந்தார். பிறகு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. 1929 ஜனவரியில் கவிஞர் இக்பால். அப்படியே பெங்களூர், மைசூர் போய், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அடக்கத்தலத்தையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். இந்த ஏற்பாடுகளுக்குத் துணை நின்றவர் தோல் வணிகர் ஜமால் முகமது; திருச்சிக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. எனக்கு ஒரே குறை: நத்வி பேசியது உருது, மற்ற இருவரும் ஆங்கிலம். சீறாப்புராணம் பிறந்த மண்ணில் தமிழுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம்.

கேள்வி நேரம் என்று ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், பர்கூர்

கேள்வியை எழுதிக் கொடுக்கும் சீட்டை நம்பாதீர்கள். சென்ற வருடம் இங்கே ஒரு கூட்டத்தில் நானும் எழுதிக் கொடுத்தேன். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை எல்லாம் முடிந்து மேடைக்குப் போய்ப் பார்த்தால், டீ டம்ளருக்கு அடியில் என் சீட்டு. மை கரைந்து பாதி எழுத்தைக் காணோம். 1792-இல் வெள்ளைக்காரர்களிடம் போகும்வரை எங்கள் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் வட்டாரம் திப்புவிடம் இருந்ததே, எங்கள் வீட்டு உருது அந்தக் காலத்தில் வந்ததா என்பதுதான் கேள்வி.

விடவில்லை. பேச்சாளரைப் பஸ் நிலையத்தில் பிடித்தேன். “திப்புவோடு ஏன் நிற்கிறீர்கள்? பீஜப்பூர் சுல்தான்கள் காலத்துக்குப் போங்கள்” என்று ஆரம்பித்தார். மூன்று பெங்களூர் பஸ்கள் போய்விட்டன. நாலாவதில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.