பழைய டி.டி.எச். செட்-டாப் பாக்ஸை மாற்ற வேண்டுமா? கேள்வி பதில்

கேள்வி (கோயம்புத்தூர்): புதிதாக 43 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கி, 2011-இல் பொருத்திய டி.டி.எச். பாக்ஸையே அதனுடன் இணைத்திருக்கிறோம். பழைய டி.வி.யில் தெளிவாக இருந்த படம் இதில் மங்கலாகத் தெரிகிறது. பாக்ஸை மாற்றினால் சரியாகுமா?

பதில்: சரியாகும், ஆனால் பாக்ஸை மட்டும் மாற்றினால் போதாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட ஏ.வி. கேபிள் வழியாக உங்கள் பழைய பாக்ஸ் அனுப்பும் படத்தில் அதிகபட்சம் 720 × 576 புள்ளிகள்தான் இருக்கும். அதை 3840 × 2160 புள்ளிகள் கொண்ட திரை முழுவதும் விரித்துக் காட்டும்போது, சிறிய திரையில் கண்ணுக்குப் படாத குறைகளெல்லாம் தெரியத் தொடங்குகின்றன. எச்.டி. (உயர் தெளிவுப் படம் தரும்) பாக்ஸை வாங்கி, எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்து, பாக்ஸின் செட்டிங்கில் படத்தின் வெளியீட்டை 1080-க்கு மாற்றி, எச்.டி. சேனல்களுக்கும் சந்தா கட்டிய பிறகே வித்தியாசம் முழுமையாகத் தெரியும். கடைசிப் படியை விட்டுவிட்டு, புதிய பாக்ஸிலும் எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) சேனலையே பார்த்துக்கொண்டு, பணம் வீணாயிற்றே என்று வருந்துவோர் பலர்.

பாக்ஸின் விலை ஒருமுறைச் செலவு, எச்.டி. கட்டணமோ ஒவ்வொரு ரீசார்ஜிலும் தொடரும். எனவே மாதச் செலவை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் வெளியிட்ட கட்டண ஆணை, கட்டணக் கணக்கில் ஓர் எச்.டி. சேனலை இரண்டு எஸ்.டி. சேனல்களாக எண்ணியது. உங்கள் வீட்டில் அன்றாடம் பார்க்கும் நான்கைந்து சேனல்களை ஒரு தாளில் எழுதி, அவற்றுள் எவற்றுக்கு எச்.டி. வடிவம் உண்டு என்று பாருங்கள். சன் டி.வி., ஸ்டார் விஜய், ஜீ தமிழ் ஆகியவற்றுக்கு உண்டு. எச்.டி. வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், அதே சேனலின் எஸ்.டி. வடிவத்தை நீக்கிவிடுங்கள், இல்லையேல் ஒரே நிகழ்ச்சிக்கு இருமுறை பணம் கட்டுவீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மழை பெய்தாலே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பாக்ஸ் பழையது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர்.

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நம் டி.டி.எச். சேவைகள் பயன்படுத்தும் கேயூ அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிப்பதால், கனமழையில் சிறிது நேரம் படம் நிற்பது எந்த பாக்ஸிலும் நேரக்கூடியதே. தூறலுக்கே நின்றால் குறை மொட்டைமாடியில் இருக்கிறது: டிஷ் திசை விலகியிருக்கலாம், டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவியான எல்.என்.பி.க்குள் நீர் இறங்கியிருக்கலாம், கேபிள் முனை துருப்பிடித்திருக்கலாம். வெயில் நாளில் பாக்ஸின் மெனுவுக்குச் சென்று சிக்னலின் வலிமையை மட்டுமன்றி அதன் தரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தரம் அப்போதே குறைவாக இருந்தால், புதிய பாக்ஸ் உங்களுக்குக் கைகொடுக்காது. எச்.டி. சேனல்களை டி.வி.பி.-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில், அதிகத் தரவை நெருக்கி அனுப்பும்போது அவற்றுக்கு இன்னும் நல்ல சிக்னல் தேவைப்படுவதால், நிலைமை மோசமாகவும் கூடும்.

கேள்வி (திருநெல்வேலி): அம்மா வீட்டில் பல ஆண்டுகளாக டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. பக்கத்து வீட்டில் வரும் சில சேனல்கள் அங்கே வருவதில்லை.

பதில்: அந்த பாக்ஸ் எம்பெக்-2 வகையாக இருக்க வேண்டும் (எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை). ஃப்ரீ டிஷ் சேவையில் எம்பெக்-2, எம்பெக்-4 ஆகிய இரு வகைகளிலும் சேனல்கள் வருகின்றன. ஏறத்தாழப் பாதி இடத்திலேயே அதே தரமான படத்தை அடக்கும் எம்பெக்-4 வகையைப் பழைய பாக்ஸால் படிக்க இயலாது. முதலில் ஒருமுறை சேனல்களைத் தேடிப் பாருங்கள், அதன்பிறகும் வராவிட்டால் எம்பெக்-4 பாக்ஸ் வாங்குங்கள். டிஷ், எல்.என்.பி., கேபிள் ஆகியவை நல்ல நிலையில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். மாதக் கட்டணமே இல்லாத சேவை என்பதால், இந்த ஒரு மாற்றத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அம்மாவுக்குப் புதிய டி.வி.யே வாங்கும் எண்ணம் இருந்தால், தனி பாக்ஸ் இல்லாமலே டிஷ் சிக்னலைப் படிக்கும் செயற்கைக்கோள் டியூனர் உள்ளேயே பொருத்தப்பட்டதா என்று கேளுங்கள், இத்தகைய டி.வி.களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 18112 என்ற தரநிலையை வெளியிட்டுள்ளது.

கேள்வி (சேலம்): ஒரு நிறுவனத்தின் பழைய பாக்ஸில் வேறொரு நிறுவனத்தின் சேவையைப் பெற முடியுமா?

பதில்: முடியாது. கட்டணச் சேனல்களை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கே உரிய பூட்டுமுறையில் அனுப்புகிறது.

கேள்வி (வேலூர்): பாக்ஸ் சூடாகி, தானே அணைந்து மீண்டும் தொடங்குகிறது. ஆயுள் முடிந்துவிட்டதா?

பதில்: முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். அதன்மேல் அச்சிட்டுள்ள அதே வோல்ட்டும், குறையாத ஆம்பியரும், அதே முனை அமைப்பும் கொண்ட வேறோர் அடாப்டரை மாட்டிப் பார்த்த பிறகே புதிய பாக்ஸைப் பற்றி யோசியுங்கள். டி.வி.க்குப் பின்னால் காற்றோட்டமின்றி வைத்திருந்தால், வெளியே எடுத்து வையுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பழைய பாக்ஸ்கள் பல மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 10 வாட் என்று கொண்டால் 30 நாளில் 7.2 யூனிட் ஆகிறது. இரவில் சுவிட்சை அணைத்துவிடுவது பாக்ஸுக்கும் நல்லது.

கேள்வி (மதுரை): படுக்கையறையில் உள்ள 24 அங்குல டி.வி.க்கும் எச்.டி. பாக்ஸ் தேவையா? ஆண்ட்ராய்டு பாக்ஸாக வாங்கலாமா?

பதில்: அவ்வளவு சிறிய திரையைக் கட்டிலிலிருந்து பார்ப்பதற்கு எஸ்.டி. பாக்ஸே போதும். இணையச் செயலிகளையும் இயக்கும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் யாருக்குப் பயன்படும் என்றால், டி.வி. ஸ்மார்ட் வகையாக இல்லாமல் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் இருந்து, வீட்டில் நிலையான இணைய இணைப்பும் உள்ளவர்களுக்கு. எதை வாங்கினாலும் அது சொந்தமா வாடகையா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வீட்டுக்கு வந்து பழுதுபார்க்கத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.