கீபோர்டிலிருந்து கணினிக்குப் போவது ஒலியன்று

வாசகர் கேள்வி–பதில்: இசையும் கணினியும்

கேள்வி (வாசகி ஒருவர், செம்பூர், மும்பை): எங்கள் பஜனைக் குழுவுக்காக என் மகள் மெட்டமைத்த நாமாவளிகளைக் கணினியில் பதிவு செய்ய விரும்பி, அவளுடைய கீபோர்டையும் லேப்டாப்பையும் யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்தோம். எந்தக் கட்டையை அழுத்தினாலும் திரையில் அசைவே இல்லை. லேப்டாப் ஸ்பீக்கரிலும் ஓசை வரவில்லை. கீபோர்டு பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கேபிளை மாற்றிப் பார்க்கும் வரையிலாவது பொறுத்திருங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிக் குறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கீபோர்டிலிருந்து அந்தக் கேபிள் வழியாகக் கணினிக்குப் போவது பெரும்பாலான மாடல்களில் ஒலியன்று, செய்தி. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பவற்றை எண்களாகச் சொல்லும் முறைக்குத்தான் மிடி என்று பெயர். ஹார்மோனியத்தில் ஒரு கட்டை என்று நாம் சொல்லும் வெள்ளைக் கட்டைக்கு நடு ஸ்தாயியில் 60 என்பது எண். அழுத்திய வேகம் 1 முதல் 127 வரையிலான இன்னோர் எண்ணாகப் போகும். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சி ஒன்றில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ், ரோலண்ட் என்ற இரு போட்டி நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரே கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தது மற்றொன்றில் ஒலிப்பதைக் காட்டினார்கள். அந்த ஏற்பாட்டின் அடிப்படை இன்றுவரை மாறாததால், மிடி வசதியுள்ள கீபோர்டைப் பழையது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஆகவே, முதலில் செய்தி வந்து சேருகிறதா என்று பாருங்கள். கைப்பேசி சார்ஜருடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் செல்லும் இரண்டு ஒயர்கள் மட்டுமே இருக்கும். தகவல் செல்லும் ஒயர்கள் இரா. அவற்றால் இணைத்தால் கணினிக்குக் கீபோர்டு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. கீபோர்டின் பின்புறம் பிரிண்டர்களில் உள்ளதைப் போன்ற சதுர வடிவத் துளை இருந்தால், பிரிண்டருக்குப் பயன்படும் கேபிளே இதற்கும் பொருந்தும். சில கீபோர்டுகளில் யூ.எஸ்.பி. துளைகள் இரண்டு இருக்கும். 'டு ஹோஸ்ட்' என்று எழுதியிருப்பதுதான் கணினிக்கு உரியது. 'டு டிவைஸ்' என்பது பென் டிரைவ் செருகுவதற்கு. இவை சரியாக இருந்தும் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால், அந்த மாடலுக்கான டிரைவரை, அதாவது கருவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் சிறு மென்பொருளை, கீபோர்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி நிறுவ வேண்டியிருக்கலாம். அண்மைக் கால மாடல்களில் பலவற்றுக்கு அது தேவைப்படுவதில்லை.

யூ.எஸ்.பி. துளையே இல்லாமல், ஐந்து பின் கொண்ட வட்டத் துளைகள் மட்டும் இருந்தால், அதற்கென விற்கும் யூ.எஸ்.பி.–மிடி கேபிள் ஒன்று தேவை. கீபோர்டின் 'அவுட்' துளையிலிருந்து கேபிளின் 'இன்' பக்கத்துக்குச் செய்தி போக வேண்டும் என்பது விதி. விதி எளிது; கேபிளில் ஒட்டியிருக்கும் பெயர்தான் குழப்பும். மாட்டுங்கா ரோட்டில் ரயிலேறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, லாமிங்டன் ரோட்டுக் கடையொன்றில் நான் வாங்கிவந்த கேபிளில் 'அவுட்' என்று எழுதியிருந்த முனையைக் கீபோர்டின் 'இன்' துளையில் செருகிவிட்டு, ஒரு மாலை முழுவதும் டிரைவரை அழிப்பதும் மீண்டும் ஏற்றுவதுமாகக் கழித்தேன். சில கேபிள்களில் அந்த எழுத்து முனையின் வேலையைக் குறிக்கிறது. வேறு சிலவற்றில் அது செருகப்பட வேண்டிய துளையைக் குறிக்கிறது. இரண்டு முனைகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். அதனால் கருவிக்கு எந்தக் கேடும் வராது. எனக்கு அதுதான் தீர்வாக இருந்தது.

செய்தி வருகிறது என்று தெரிந்த பிறகே ஒலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மேக் கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டோ, விண்டோஸிலும் ஓடும், 60 நாள் பயன்படுத்திப் பார்க்க அனுமதிக்கும் ரீப்பரோ, பதிவு மென்பொருள் எதுவாயினும் வழி ஒன்றுதான்: அமைப்புகளில் கீபோர்டை மிடி உள்ளீடாக இயக்கி, ஒரு டிராக்கை, அதாவது பதிவுக்கான தனித் தடத்தை, திறந்து, அந்த டிராக்கில் பியானோ, வயலின் போன்ற மென்பொருள் வாத்தியம் ஒன்றை ஏற்றி, பதிவுக்கான சிவப்புப் பொத்தானைத் தயார் நிலையில் வைக்க வேண்டும். வாத்தியம் ஏற்றப்படாத டிராக்கில் அளவுக்கோடு மட்டும் எழும்பும், சத்தம் வராது. வாத்தியத்தை ஏற்றிய பின் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்டால், கீபோர்டின் சொந்த ஒலியும் கணினியின் ஒலியும் சேர்ந்து வருகின்றன என்று பொருள். கீபோர்டில் 'லோக்கல் கண்ட்ரோல்' என்பதை அணைத்துவிடுங்கள். ஆனால் கணினி இல்லாமல் மறுநாள் வாசிக்க உட்காரும்போது கருவி ஊமையாக இருந்தால் பதறாமல், அணைத்ததை நினைவுகூர்ந்து திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கைப்பேசியை அருகே வைத்துப் பதிந்துவிடலாமே என்று தோன்றக்கூடும். உங்கள் மகள் ஒரு கட்டையில் வாசித்துப் பதிந்துவிட்டு, பாடுகிறவர்கள் ஐந்தரைக் கட்டை கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிடியில் ஒவ்வொரு ஸ்வரத்தின் எண்ணிலிருந்தும் 4 கழித்தால் 60 என்பது 56 ஆகி, முழுப் பாட்டும் கீழ் ஐந்தரைக்கு இறங்கிவிடும். காலப்பிரமாணத்தையும் அப்படியே கூட்டலாம், குறைக்கலாம். வாத்தியத்தின் நாதம் கெடாது. பஜனைக் குழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி (வாசகர் ஒருவர், தாராவி): எல்லாம் இணைந்துவிட்டது. ஆனால் கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்தே சத்தம் வருகிறது. தாளத்தோடு வாசிக்கவே முடியவில்லை. மிடி மெதுவானதா?

பதில்: மிடியின் மேல் பழி இல்லை. பழைய ஐந்து பின் கேபிளிலேயே நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும்; ஒரு ஸ்வரத்தை ஒலிக்கச் சொல்லும் செய்தி போய்ச்சேர ஒரு மில்லி நொடிகூட ஆகாது. தாமதம் கணினியின் ஒலிப் பகுதியில்தான் நேர்கிறது. கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாகச் சேர்த்தே வெளியிடும். 'பஃபர்' என்ற அந்தத் தொகுதியின் அளவு 1,024 மாதிரிகளாக இருந்தால், நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் அதனால் மட்டுமே சுமார் 23 மில்லி நொடி போய்விடும். 128 ஆகக் குறைத்தால் மூன்று மில்லி நொடிக்குள் அடங்கும். மிகவும் குறைத்தால் ஒலி படபடவென வெடிக்கும் என்பதால், வெடிக்காத மிகக் குறைந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸில், ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ வகை டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் பெரும் வேறுபாடு தெரியும். இவற்றையெல்லாம் தொடுவதற்கு முன், நீங்கள் ப்ளூடூத் ஹெட்போனில் கேட்கிறீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் அதைக் கழற்றிவிட்டு ஒயருள்ள ஹெட்போனைச் செருகுங்கள். ப்ளூடூத்தின் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி நொடியைத் தாண்டும்; பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அது குறையாது.

கேள்வி (வாசகி ஒருவர், டோம்பிவிலி): கீபோர்டில் ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் வளைவுச் சக்கரத்தைத் திருப்பி வாசிக்கும் கமகம், கணினியில் பதிந்து கேட்கும்போது வேறு அளவில் ஒலிக்கிறது. தம்பூரா ஸ்ருதியும் சேர்ந்து ஆடுகிறது. ஏன்?

பதில்: சக்கரம் எவ்வளவு திருப்பப்பட்டது என்பதை மட்டுமே மிடி சொல்லும், 16,384 படிகளில், மிக நுணுக்கமாக. அந்த முழுத் திருப்பலுக்கு எத்தனை ஸ்வரஸ்தானம் நகர வேண்டும் என்பதை ஒலி எழுப்பும் வாத்தியமே தீர்மானிக்கிறது. பெரும்பாலான வாத்தியங்களில் அது மேலே இரண்டு, கீழே இரண்டு என்றிருக்கும். தோடியின் காந்தாரத்துக்கு இது வாகாக அமைந்துவிடுகிறது. சாதாரண காந்தாரத்தை அழுத்திக்கொண்டு சக்கரத்தைக் கீழே தள்ளினால் சுத்த ரிஷபமும் மேலே தள்ளினால் சுத்த மத்யமமும் எட்டும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாரு இழுக்க இது போதாது. உங்கள் கீபோர்டில் அந்த எல்லையை என்னவாக வைத்திருக்கிறீர்களோ, அதே எண்ணை மென்பொருள் வாத்தியத்திலும் இடுங்கள்; பதிவில் கமகம் வாசித்தபடியே கேட்கும். சக்கரத்தின் செய்தி ஒரு சேனலில், அதாவது மிடிச் செய்திகள் செல்லும் தனி வழி ஒன்றில், ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் ஒருசேர வளைக்கும் என்பதால்தான் தம்பூராவும் ஆடுகிறது. மிடியில் 16 சேனல்கள் உள்ளன. தம்பூராவை வேறு டிராக்கில், வேறு சேனலில் முதலில் பதிந்துவிட்டு, பிறகு ராகத்தை வாசியுங்கள்.