நாற்பது பேருக்கு டிரைஃபிள் புட்டிங்: கேள்விகளும் பதில்களும்

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு 22 ஆண்டுகளாக டிரைஃபிள் செய்து கொடுத்து வருகிறேன். ஊறிய கேக், பழம், ஜெல்லி, கஸ்டர்ட், கிரீம் என ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இந்த ஆங்கிலேய இனிப்பில் சமையல் நுணுக்கத்தைவிடக் காத்திருக்கும் பொறுமைக்கே வேலை அதிகம். இந்த ஆண்டு வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில்): வணக்கம் அம்மா. இதுவரை பத்துப் பேருக்கு மேல் செய்து பழக்கமில்லை. இந்த ஆண்டு எங்கள் வீட்டில் நாற்பது பேர் கூடுகிறார்கள். என்ன அளவில் செய்ய வேண்டும், எந்த நாளில் தொடங்க வேண்டும்?

பதில்: பிரியாணிக்குப் பிறகு சாப்பிடும் இனிப்பு என்பதால் ஒருவருக்கு 200 மில்லி தாராளமாகப் போதும்; ஆக மொத்தம் எட்டு லிட்டர். அதை ஒரே பெரிய பாத்திரத்தில் செய்ய ஆசைப்படாதீர்கள். ஐந்து லிட்டர் கொள்ளும் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில் பிரித்துச் செய்தால் சீக்கிரம் குளிரும், தூக்குவதும் எளிது, ஒன்று பந்தியில் இருக்கும்போது மற்றது ஃபிரிட்ஜில் இருக்கலாம்.

இரண்டு பாத்திரங்களுக்கும் சேர்த்து ஒரு கிலோ ஸ்பாஞ்ச் கேக், அதை நனைக்க அரை லிட்டர் பழச்சாறு, நறுக்கிய பழம் ஒன்றேகால் கிலோ, அரை லிட்டர் தண்ணீருக்கான ஜெல்லிப் பொட்டலம் மூன்று, கஸ்டர்டுக்குப் பால் இரண்டு லிட்டர், கஸ்டர்ட் பவுடர் 120 கிராம், சர்க்கரை 200 கிராம், அடித்தெடுக்கக் கிரீம் 800 மில்லி தேவைப்படும். ஜெல்லிக்கு மட்டும் ஒன்றரை லிட்டருக்குப் பதிலாக ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே வரும் கஸ்டர்டின் பாரத்தை அது தாங்க வேண்டும். கேக்கை வீட்டிலேயே செய்வதானால் பத்து முட்டை, 300 கிராம் சர்க்கரை, 300 கிராம் மைதா என்பது என் கணக்கு. முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக நுரைக்க அடித்து, சலித்த மாவை மெதுவாகக் கலந்தால் பேக்கிங் பவுடரே வேண்டாம்.

23ஆம் தேதி கேக்கைச் செய்துவிடுங்கள். அன்றைக்குச் செய்த கேக் நனைத்தவுடன் கூழாகிவிடும். ஒரு நாள் ஆறிய கேக்தான் சாற்றைக் குடித்த பிறகும் உருவம் மாறாமல் நிற்கும். 24ஆம் தேதி காலையில் கேக்கைத் துண்டுகளாக்கி அடியில் அடுக்கி, சாறு தெளித்து, மேலே பழத்தைப் பரப்புங்கள். ஜெல்லியைக் கரைத்த உடனே ஊற்றினால் கேக் அதை முழுவதும் உறிஞ்சிவிடும், அடுக்கே தெரியாது. முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பாக வரும்வரை குளிரவிட்டு ஊற்றுங்கள். அது உறைய நான்கு மணி நேரமாவது ஆகும். அன்று மாலை கஸ்டர்டைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து மேலே பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், நள்ளிரவு ஆராதனைக்கு நிம்மதியாகப் போய் வரலாம். கிரீமைப் பரிமாறும் நாளன்றுதான் போட வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: 24ஆம் தேதி இரவு எல்லார் வீட்டு ஃபிரிட்ஜிலும் கறியும் அரைத்த மசாலாவும் நிறைந்திருக்கும். இரண்டு பாத்திரங்களுக்கான இடத்தை முன்கூட்டியே அளந்து ஒதுக்குங்கள், இறுக்கமாக மூடியும் வையுங்கள். பூண்டு வாடையைப் பாலும் கிரீமும் இழுத்துக்கொள்ளும் வேகத்தை நான் ஒரு முறை அனுபவித்திருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): சென்ற ஆண்டு அன்னாசித் துண்டுகள் போட்டுச் செய்தேன். இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தும் ஜெல்லி உறையவே இல்லை. பொட்டலம் பழையதாக இருந்திருக்குமோ?

பதில்: பொட்டலத்தின் மேல் தவறில்லை. பச்சை அன்னாசியில், அதாவது சமைக்காத அன்னாசியில், புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டிச் சிதைப்பது. ஜெல்லியை உறையவைக்கும் ஜெலட்டினும் ஒரு புரதம் என்பதால், எவ்வளவு நேரம் குளிரவைத்தாலும் அது தண்ணீராகவே நிற்கும். பப்பாளி, கிவி, அத்திப்பழம் ஆகியவற்றிலும் இதே வகை நொதிகள் உண்டு. அன்னாசியைச் சிறிது சர்க்கரையுடன் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் அப்படியே போடலாம். பச்சை அன்னாசியைக் கிரீமோடு கலந்து அலங்கரிக்கவும் வேண்டாம். பாலின் புரதமும் சிதைந்து ஒரு மணி நேரத்தில் கசக்கத் தொடங்கும்.

மற்றப் பழங்களில் விதையில்லாத் திராட்சை, மாதுளை, தோல் நீக்கிய ஆரஞ்சுச் சுளை ஆகியவை இரண்டு நாள் தாங்கும். வாழைப்பழமும் ஆப்பிளும் கறுக்கும் என்பதால் ஜெல்லிக்குள் முழுவதும் மூழ்கியிருந்தால் மட்டுமே போடுங்கள். தர்பூசணி கூடவே கூடாது. அது விடும் தண்ணீரில் எல்லா அடுக்குகளும் மிதக்கும்.

கேள்வி (சென்னை, பெரம்பூர்): கஸ்டர்ட் பவுடரோடு நான்கு முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துச் செய்தேன். அடுப்பிலிருந்து இறக்கும்போது கெட்டியாக இருந்தது. காலையில் பார்த்தால் மோர் போல ஆகிவிட்டது. முட்டை திரிந்துவிடும் என்று பயந்து கொதிக்கவிடாமல் இறக்கினேன்.

பதில்: நீங்கள் பயந்து இறக்கியதுதான் காரணம், சகோதரி. மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்தைச் சிதைக்கும். கஸ்டர்ட் பவுடர் என்பது நிறமும் மணமும் சேர்த்த சோள மாவுதான். ஆகவே கொதிக்காத கலவையில் உயிரோடு தப்பிய நொதி இரவெல்லாம் உட்கார்ந்து அந்தக் கெட்டித்தன்மையைத் தின்று தீர்த்திருக்கிறது. மாவு சேராத வெறும் முட்டைக் கஸ்டர்டைக் கொதிக்கவிட்டால் திரியும் என்பது உண்மையே. மாவு சேர்ந்திருக்கும்போது அந்த அச்சம் தேவையில்லை, ஏனென்றால் மாவுச்சத்து முட்டைப் புரதம் ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாவதைத் தடுக்கிறது.

பவுடரையும் மஞ்சள் கருவையும் ஒரு கோப்பைக் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாலைச் சர்க்கரையோடு கொதிக்கவைத்து, அதில் இரண்டு கரண்டியைக் கரைசலில் விட்டுக் கலக்கிய பிறகு, கரைசல் முழுவதையும் பாலில் ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறுங்கள். குமிழிகள் எழுந்து வெடிக்கத் தொடங்கிய பிறகும் ஒரு முழு நிமிடம், இவ்வளவு பெரிய அளவுக்கு இரண்டு நிமிடம், அடுப்பில் இருக்கட்டும். முட்டை சேர்க்காதவர்களுக்கும் இதே விதிதான். கொதிக்காத கஸ்டர்டில் மாவு வாடை போகாது. எல்லாவற்றையும் மீறிக் கட்டி விழுந்தால் சல்லடையில் வடிகட்டிவிடுங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஏடு படியாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கஸ்டர்டின் மேற்பரப்பைத் தொடும்படி விரித்து மூடுங்கள். அகலமான இரண்டு தட்டுகளில் ஊற்றினால் விரைவில் ஆறும். ஜெலட்டின் ஜெல்லி ஏறத்தாழ 35 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் கஸ்டர்டைக்கூட ஊற்றக் கூடாது. நான் கண்ட டிரைஃபிள் விபத்துகளில் பெரும்பாலானவை இந்த அரை மணி நேர அவசரத்தால் நேர்ந்தவை.

கேள்வி (மதுரை): எங்கள் விருந்துக்கு இந்து நண்பர்களும் முஸ்லிம் நண்பர்களும் வருகிறார்கள். ஜெலட்டின் இல்லாமல் செய்ய முடியுமா?

பதில்: முடியும், செய்வதும் மரியாதை. ஜெலட்டின் மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அதற்குப் பதிலாகச் சைனா கிராஸ் போடுங்கள். நோன்புக் காலத்தில் உங்கள் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் கடல்பாசி என்று செய்து கொடுப்பதும் இதைக் கொண்டுதான். இராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் இது தயாராகிறது. மதுரையில் கிடைக்காமல் போகாது.

ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் கணக்கில் ஊறவைத்து, ஓர் இழைகூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவையுங்கள். எலுமிச்சை அல்லது ஆரஞ்சுச் சாற்றை இறக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும், புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் உறையும் திறன் குறையும். இது 35 முதல் 40 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால், ஜெலட்டின் ஜெல்லி போலக் குளிரும்வரை காத்திருக்காமல், வெதுவெதுப்பாக இருக்கும்போதே, ஃபிரிட்ஜில் வைக்காத பழத்தின் மேல் ஊற்றுங்கள். ஒரு முறை உறைந்தால் 85 டிகிரி வரை உருகாது. பச்சை அன்னாசியும் இதை ஒன்றும் செய்யாது. வாயில் வைத்தவுடன் கரையும் சுகம் மட்டும் இதில் கிடையாது. ஆனாலும் சில ஆண்டுகளாக நான் இதையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி (தூத்துக்குடி): சிறிய அட்டைப்பெட்டியில் வரும் கிரீமை அரை மணி நேரம் அடித்தும் நுரைக்கவில்லை.

பதில்: அதில் கொழுப்பு 25 விழுக்காடு அளவில்தான் இருக்கும். நுரைத்து நிற்கக் குறைந்தது 30 விழுக்காடு வேண்டும், 35 இருந்தால் நல்லது. ‘விப்பிங் கிரீம்’ என்று கேட்டு வாங்குங்கள்; கிரீம், பாத்திரம், அடிக்கும் கம்பி மூன்றையும் குளிரவைத்து, நுனி மடங்கி நிற்கும் பதத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். பேக்கரிகளில் பயன்படுத்தும், பாலில்லாத தாவரக் கொழுப்புக் கிரீம் வெக்கையை நன்றாகத் தாங்கும். அது ஏற்கெனவே இனிப்பானது, சர்க்கரை போட வேண்டாம். சுவையில் எனக்கு அது பிடிக்காது, வெளியில் மேசை போடும் விருந்துக்கு வேறு வழியும் இல்லை.

கேள்வி (திருச்சி): உண்மையான டிரைஃபிளில் ஷெர்ரி மது சேர்க்க வேண்டும் என்கிறார்களே? சாறு ஊற்றினால் அது டிரைஃபிள் ஆகாதா?

பதில்: ‘உண்மையான’ என்பதை எந்தக் காலத்திலிருந்து எண்ணுவது? 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இந்தப் பெயரில் இருந்தது, சர்க்கரையும் இஞ்சியும் பன்னீரும் சேர்த்துக் கெட்டியாக்கிய வெறும் கிரீம்தான். மதுவில் ஊறிய பிஸ்கட்டும் கஸ்டர்டும் 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை. நாம் பயன்படுத்தும் கஸ்டர்ட் பவுடரே, முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837இல் பர்மிங்ஹாமில் கண்டுபிடித்தது. குழந்தைகளும் வரும் பந்தி என்பதால் நான் ஆரஞ்சுச் சாறும் சிறிது எலுமிச்சையும்தான் ஊற்றுகிறேன். வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை வைன் இருந்தால், பெரியவர்களுக்கான பாத்திரத்தில் அதைத் தெளித்து, எந்தப் பாத்திரம் எது என்று தெளிவாக எழுதி வையுங்கள்.

கேள்வி (வேலூர்): கேக் செய்ய நேரமில்லை. கடையில் வாங்கும் சுவிஸ் ரோல் போதுமா?

பதில்: தாராளமாக. எலிசபெத் அரசியின் 70 ஆண்டு ஆட்சி நிறைவையொட்டி 2022இல் நடந்த புட்டிங் போட்டியில் வென்றதே எலுமிச்சைச் சுவிஸ் ரோல் வைத்த டிரைஃபிள்தான். வட்டத் துண்டுகளைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நிறுத்தினால் சுருள்கள் வெளியே தெரிந்து அழகாக இருக்கும். கிரீம் வைத்த ரோலைத் தவிர்த்து ஜாம் வைத்ததை வாங்குங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு): எங்கள் வீட்டில் நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு), பாலில் நனைத்த மாரி பிஸ்கட்டும் சாக்லேட் கலவையும் அடுக்கடுக்காக வரும் பிஸ்கட் புடிங்தான் செய்வோம். வெட்டும்போது அடுக்குகள் வழுக்கி விலகுகின்றன.

பதில்: மாரி பிஸ்கட்டைப் பாலில் அதிக நேரம் விட்டிருப்பீர்கள். ஒரு விநாடி முக்கி எடுத்தால் போதும். மீதி ஈரத்தைச் சாக்லேட் கலவையிலிருந்து அதுவே இழுத்துக்கொள்ளும். கலவையை மெல்லியதாகப் பூசி, ஓர் இரவு முழுவதும் குளிரவையுங்கள். சிலர் கலவையில் பச்சை முட்டை சேர்ப்பார்கள். கூட்டத்துக்குச் செய்யும்போது அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி (பாளையங்கோட்டை): வீட்டில் செய்து மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஃபிரிட்ஜ் இல்லை, மின்வெட்டும் உண்டு.

பதில்: கிரீம் போடாமல், கஸ்டர்ட் வரை முடித்த பாத்திரங்களைக் கொண்டுபோங்கள். மீன் பெட்டி போன்ற தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஐஸைப் பாலித்தீன் பைகளில் கட்டிப் பரப்பி, மேலே ஈரத் துண்டு விரித்து, பாத்திரத்தை ஆடாமல் நிறுத்துங்கள். மீன் பெட்டியையே கழுவி எடுத்துக்கொண்டு போன ஒருவரை எனக்குத் தெரியும். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். அடித்த கிரீமைத் தனி டப்பாவில் எடுத்துச் சென்று, ஜெபம் தொடங்கும் நேரத்தில் மேலே பரப்பினால் சரியாக இருக்கும். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் என்பதால் ஐஸிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. இரண்டாவது பாத்திரத்தை முதலாவது பாதி காலியான பிறகே திறவுங்கள்.

கேள்வி (பெங்களூரு): மிஞ்சினால் உறையவைத்துப் புத்தாண்டு வரை வைத்திருக்கலாமா?

பதில்: கூடாது. உறைந்து உருகும்போது கஸ்டர்டிலிருந்தும் ஜெல்லியிலிருந்தும் தண்ணீர் பிரிந்துவிடும். ஐஸிலேயே இருந்த பாத்திரத்தில் மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் 26ஆம் தேதி காலைப் பலகாரமே அதுதான்.