பேஸ்கட் எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஷார்லட் நகரத்தில் இருக்கிறோம். குடியிருப்புக்குப் பின்னால் சும்மா கிடக்கும் நிலத்தில் மூன்று டிஸ்க் கோல்ஃப் ஹோல் (வட்டத் தட்டை எறிந்து, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் பேஸ்கட் என்ற கூடைக்குள் சேர்க்கும் ஆட்டம் இது) போட்டுக்கொள்ள எங்கள் சங்கம் சம்மதித்துவிட்டது. பாதி நிலம் பைன் மரங்கள், பாதி சரிவான புல்வெளி, சரிவின் அடியில் சின்ன ஓடை, ஒரு ஓரத்தில் நடைபாதை. எவ்வளவு நீளம் கிடைக்குமோ அவ்வளவு நீளமாகப் போடலாம் என்கிறார் ஒருவர். மரங்களுக்குள் சிக்கலாகப் போட்டால்தான் சுவாரசியம் என்கிறார் இன்னொருவர். நல்ல ஹோலுக்கு என்னதான் வேண்டும்?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பேஸ்கட் எங்கே நிற்கப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் நின்று வீச வசதியான, பார்க்க அழகான இடத்தில் டீயை, அதாவது முதல் வீச்சை வீசும் மேடையைப் போட்டுவிட்டு, எதிரே நிலம் முடிகிற இடத்தில் பேஸ்கட்டை ஊன்றிவிடுவார்கள். அப்புறம் ஏன் இந்த ஹோல் சப்பென்று இருக்கிறது என்று யோசிப்பார்கள்.

1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் வந்தபோது இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள்தான். அதை அமைத்த எட் ஹெட்ரிக் சங்கிலி தொங்கும் கூடையை உருவாக்கி 1977இல் காப்புரிமை பெற்ற பிறகுதான், கடைசிச் சில மீட்டர் தனி ஆட்டமாகவே மாறியது. 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், வீசிய வேகத்தில் முன்னால் கால் வைக்கக் கூடாது, நின்ற இடத்தில் சமநிலையைக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். ஆகவே பேஸ்கட்டைச் சுற்றியுள்ள அந்த 10, 15 மீட்டர் நிலம் எப்படி இருக்கிறது என்பதில்தான் ஹோலின் உயிர் இருக்கிறது.

உங்கள் சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கு ஏழெட்டு மீட்டர் மேலே, சரிவிலேயே ஒரு பேஸ்கட் நிற்கிறது என்று வையுங்கள். முதல் வீச்சில் டிஸ்க் பேஸ்கட்டுக்கு மேல்பக்கம் விழுந்தால், அடுத்து கீழ்நோக்கிப் போட வேண்டும். சங்கிலியில் படாமல் போனாலோ, கூடையின் விளிம்பில் தட்டிக் கீழே விழுந்தாலோ, டிஸ்க் விளிம்பில் நிமிர்ந்து, கைதவறிய சில்லறைக் காசு மாதிரி உருள ஆரம்பிக்கும், நேரே ஓடைக்குள்தான் போய் நிற்கும். கீழ்பக்கமே விழும்படி முதலில் வீசியவருக்கு மேல்நோக்கிய சுலபமான போடல். ஆனால் அதற்கு அவர் ஓடையை ஒட்டி வீசும் துணிச்சலைக் காட்டியிருக்க வேண்டும். நீளம் அதே, மரம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் டீயில் நிற்கும்போதே ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. அதுதான் வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில், ராக் ஹில்லில் இருக்கிறது வின்த்ராப் பல்கலைக்கழகம். 1999இல் தொடங்கிய அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் அங்கேதான் நடக்கிறது. போட்டி நடக்கும்போது ஒரு முறை போய் 17ஆவது ஹோலின் ஓரத்தில் நின்று பாருங்கள். சுமார் 75 மீட்டர்தான். அங்கே வரும் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு எட்டக்கூடிய தூரம். ஆனால் பேஸ்கட்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு மாதிரி அடைத்திருப்பார்கள். உள்ளே விழுந்து நின்றால் சரி, வெளியே விழுந்தால் ஓ.பி., அதாவது எல்லைக்கு வெளியே, ஒரு வீச்சு அபராதம். 120 மீட்டர் வீசுகிற கைகள் அங்கே தயங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொஞ்சம் குறைந்தால் முன்கட்டில் மோதி வெளியே விழும், கொஞ்சம் கூடினால் வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். கடைசிக்கு முந்தைய ஹோல் என்பதால் வெற்றி தோல்வியே அங்கே புரண்டிருக்கிறது. நீளம் வேண்டும் என்கிற நண்பரை அங்கே கட்டாயம் அழைத்துப் போங்கள்.

நீளத்தைப் பற்றி இவ்வளவு போதும்: புதியவர்கள் 50, 60 மீட்டர் வீசுவார்கள், வாரம் தவறாமல் ஆடுபவர்கள் 80, 90 மீட்டர். திறந்த புல்வெளியில் 150 மீட்டருக்கு ஒரு ஹோல் போட்டால் எல்லோரும் இரண்டு, மூன்று முறை வீசிக்கொண்டு நடப்பார்கள், அவ்வளவுதான்.

மரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இங்கேதான். மரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அகலத்தை மட்டும் வைத்து அளக்காதீர்கள், டீயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதோடு சேர்த்து அளக்க வேண்டும். 15 மீட்டரில் 3 மீட்டர் இடைவெளி என்றால், ஓரளவு பழகியவர் நிதானமாக வீசினால் பெரும்பாலும் தாண்டிவிடுவார். அதே 3 மீட்டர் இடைவெளி 45 மீட்டரில் இருந்தால் அதைத் தாண்டுவது அதிர்ஷ்டம்தான், அங்கே அதே அளவு கடினத்துக்கு 9 மீட்டர் வேண்டும். நன்றாக வீசியவரும் மோசமாக வீசியவரும் ஒரே மாதிரி மரத்தில் அடித்துவிட்டு ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்றால், அது கடினமான ஹோல் இல்லை, மோசமான ஹோல். ஃபேர்வேயைவிட்டு, அதாவது டீயிலிருந்து பேஸ்கட்டுக்குப் போகும் திறந்த வழியைவிட்டு விலகியவருக்கும் பக்கவாட்டில் வீசித் திரும்பி வர ஒரு சந்து விடுங்கள். மரத்தை வெட்ட அவசரப்படாதீர்கள், தாழ்ந்த கிளைகளைக் கழித்தாலே பாதி வழி திறந்துவிடும்.

அப்புறம் வளைவு. வலது கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், புறங்கை முன்னால் வரும்படி) வீசும் டிஸ்க் வேகம் குறையக் குறைய இடப்பக்கம் இறங்கும், ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை முன்னால் வரும்படி) வீசினால் வலப்பக்கம். மூன்று ஹோலும் இடப்பக்கமே வளைந்தால் பேக்ஹேண்ட் மட்டும் தெரிந்தவருக்கே கொண்டாட்டம். ஒன்று இடம், ஒன்று வலம், ஒன்று நேர் என்று வையுங்கள். நேரான ஹோலில் நடுவே ஒரே ஒரு பைன் மரம் நின்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், ஒருவர் இந்தப் பக்கமாக வீசுவார், இன்னொருவர் அந்தப் பக்கமாக, இரண்டுமே சரியான வீச்சாக இருக்கும். அப்படி அமைந்துவிட்டால் எனக்குத் தனி சந்தோஷம்.

நடைபாதை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. நன்றாக வீசுபவர் கையிலிருந்து டிஸ்க் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பும். பேக்ஹேண்டில் பிடி நேரத்தில் விடாமல் போனால், வலது கைக்காரரின் டிஸ்க் முழு வேகத்தோடு வலப்பக்கம்தான் பறக்கும். அதனால் டீக்கு முன்னால் வலப்பக்கத்தில் பாதை வரவே கூடாது. இடப்பக்கமும் டிஸ்க் இறங்கும் இடத்திலிருந்து பாதை நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். அதேபோல அடுத்த ஹோலின் டீயில் காத்து நிற்பவர்கள் முந்தைய பேஸ்கட்டுக்குப் பின்னால் நேர்கோட்டில் நிற்கும்படி அமைக்காதீர்கள்.

டீக்கு ஒன்றரை மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் இருந்தால் போதும். சமதளமாக, மழையில் வழுக்காததாக இருக்கட்டும், வீசிய பிறகு கால் போய் ஊன்றும் இடத்தில் பள்ளம் கூடாது.

கான்கிரீட் போடும் முன் மடக்கு பேஸ்கட் ஒன்றை வாங்கியோ இரவல் கேட்டோ மூன்று வாரம் ஆடிப் பாருங்கள். தூரமாக வீசும் இளைஞர், பத்து வயதுப் பிள்ளை, இடது கைக்காரர், முழங்கால் வலியோடு நடக்கும் பெரியவர் என்று எல்லோரையும் வீச வைத்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை வீச்சு ஆனது என்று எழுதுங்கள். ஒரே ஆளே ஒரு நாள் 2, ஒரு நாள் 3, இன்னொரு நாள் 4 என்று வாங்கினால் ஹோல் வேலை செய்கிறது. யார் எப்படி வீசினாலும் 3தான் என்றால் பேஸ்கட்டை நாலடி நகர்த்துங்கள், பல நேரம் அதுவே போதும். இடம் உறுதியானதும் ஒவ்வொரு ஹோலுக்கும் மண்ணில் இரண்டு குழாய்களைப் பதித்து வையுங்கள், மாதம் ஒரு முறை பேஸ்கட்டைப் பிடுங்கி மற்றதில் மாட்டினால் பழகிய ஹோலும் புதிதாகிவிடும்.

ஒன்று மறந்துவிட்டேன். உங்கள் பக்கத்துக் காடுகளில் பாய்ஸன் ஐவி நிறைய உண்டு. ஒரே காம்பில் மும்மூன்று இலையாக இருக்கும் அந்தக் கொடி பட்டால் தோல் வாரக்கணக்கில் அரிக்கும். பிள்ளைகள் டிஸ்க்கைத் தேடி உள்ளே போகும் முன்பு ஃபேர்வேயின் இரு ஓரமும் அதை எடுத்துவிடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. எடுத்ததை எரிக்கக் கூடாது, அந்தப் புகையும் ஆபத்து.